சல்லடைக்குக் கீழே விழுந்தவை

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பொறியியல் படித்த என் வயதுக்காரர்களுக்கு இரண்டாம் பருவத்தின் கணிதத் தாள் ஞாபகம் இருக்கும். அதில் ஒரு அலகு கலப்பெண் சார்புகள். இசட் கூட்டல் மாறிலி, மாறிலி பெருக்கல் இசட், ஒன்றின் கீழ் இசட், இசட் வர்க்கம், இ-யின் இசட் அடுக்கு, கடைசியாக இருநேரியல் உருமாற்றம். ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதிரிக் கேள்வி: இந்தப் பகுதியை இந்தச் சார்பு எங்கே கொண்டுபோய் வைக்கிறது? படம் வரைய வேண்டும், பென்சிலால் கோடு போட்டு நிழலடிக்க வேண்டும், மதிப்பெண் உறுதி.

இசட் வர்க்கத்துக்கு மட்டும் எப்போதும் மேல் அரைத்தளத்தையோ கால்பகுதியையோதான் கொடுப்பார்கள். இ-யின் அடுக்குக்கு ஒரு கிடைமட்டப் பட்டை. முழுத் தளத்தையும் ஏன் கொடுப்பதில்லை என்று பாடத்திட்டம் சொல்லாது, வழிகாட்டி நூல்களும் சொல்லாது. காரணம் எளிமையானது. முழுத் தளத்தையும் கொடுத்தால் படம் தன் மேலேயே மடிந்துவிடும். இரண்டு வெவ்வேறு புள்ளிகள் ஒரே இடத்தில் போய் விழும். இசட்டும் கழித்தல் இசட்டும் வர்க்கத்தில் ஒன்றுதானே. ஆகவே மடியாத பகுதியாகப் பார்த்து முன்கூட்டியே வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். பாடத்தின் மிக நல்ல கேள்வியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பரிமாறியிருக்கிறார்கள் என்பதே அந்த அலகைப் பற்றி என் விமர்சனம்.

அந்தக் கேள்வி இது: ஒரு பகுமுறைச் சார்பைக் கையில் கொடுத்தால், அது ஒன்றுக்கொன்றானதா என்று எப்படிச் சொல்வது?

வகைக்கெழு எங்கும் பூச்சியமாகக் கூடாது என்பது முதல் தேவை. ஒரு புள்ளியில் பூச்சியமானால் அந்த இடத்திலேயே படம் மடியும். ஆனால் இது போதாது. இ-யின் நான்கு இசட் அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வகைக்கெழு எங்குமே பூச்சியமில்லை. ஆனாலும் ஆரம் 1 உள்ள தட்டுக்குள், கற்பனை அச்சில் 0.785 உயரத்தில் ஒரு புள்ளி (பையின் கால் பங்கு), அதே அளவு ஆழத்தில் இன்னொரு புள்ளி, இரண்டும் கழித்தல் 1-இல் போய் விழுகின்றன. பக்கத்தில் நின்று பார்த்தால் எங்கேயும் மடிப்பு தெரியாது. தூரத்தில் இருக்கிற இரண்டு துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்துவிடும்.

போடிமெட்டுச் சாலையில் ஏறியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். கொண்டை ஊசி வளைவுகள் எத்தனை இருந்தாலும், வரைபடத்தில் அந்தச் சாலை தன்னைத் தானே வெட்டிக்கொள்வதில்லை. சுழற்படிக்கட்டு அப்படியில்லை. ஏறுகிறவனுக்கு ஒவ்வொரு படியும் புதுப்படிதான். உச்சியிலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாச் சுற்றும் ஒரே வட்டம். இ-யின் அடுக்கு ஒரு சுழற்படிக்கட்டு. உள்ளே நடக்கிறவனுக்குத் தெரியாத ஒன்றை, முழுப் படத்தையும் பார்க்காமல், சூத்திரத்தை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் கடந்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகளாக நடக்கும் வேலை. ஒன்றுக்கொன்றான பகுமுறைச் சார்புகளுக்கு யூனிவேலன்ட் சார்புகள் என்று பெயர்.

1983-இல் இதைப் பற்றி ஒரே தலைப்பில் இரண்டு நூல்கள் வந்தன. ஒன்று பீட்டர் டுரென் எழுதியது, மற்றது குட்மன் இரண்டு தொகுதிகளாக எழுதியது. டுரென் கருவிகளின் வரலாற்றை எழுதுகிறார். பரப்புத் தேற்றம், லோவ்னரின் சமன்பாடு, கிரன்ஸ்கியின் சமனின்மைகள் என்று ஒவ்வொரு கருவியும் எதைத் திறந்தது, எங்கே நின்றுபோனது என்று சொல்லிக்கொண்டே போகிறார். குட்மன் மாணவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சார்புகளின் வகைகளை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துகிறார். இரண்டும் தேவையான நூல்கள்தான். ஆனால் நம் பக்கத்தில் இந்தத் துறை வளர்ந்த விதத்தைப் பார்த்தால், குட்மனின் பட்டியல் பழக்கம் நிலைத்துவிட்டது, டுரெனின் கேள்வி கேட்கும் பழக்கம் நிலைக்கவில்லை. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். அதற்கு முன் நல்ல நிபந்தனை எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம்.

எனக்கு மிகப் பிடித்தது நோஷிரோவும் வார்ஷாவ்ஸ்கியும் 1934, 35-இல் தனித்தனியாகக் கண்டது. பகுதி குவிந்ததாக இருக்கட்டும், அதாவது அதற்குள் எந்த இரண்டு புள்ளிகளை இணைக்கும் நேர்கோடும் அதற்குள்ளேயே இருக்கட்டும். வகைக்கெழுவின் மெய்ப்பகுதி எங்கும் நேர்மமாக இருக்கட்டும். அப்படியானால் சார்பு ஒன்றுக்கொன்றானது. நிரூபணம் ஒரு வரி. தேவாரத்திலிருந்து போடிக்கு நடக்கிறீர்கள் என்று வையுங்கள். போடி வடக்கே. உங்கள் ஒவ்வொரு அடியும் கிழக்கே சாயலாம், மேற்கே சாயலாம், ஆனால் கொஞ்சமாவது வடக்கே நகர்த்த வேண்டும் என்று நிபந்தனை. எவ்வளவு கோணலாக நடந்தாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர முடியாது. அவ்வளவுதான் தேற்றம். முதல் புள்ளியிலிருந்து இரண்டாவது புள்ளிக்கு நேர்கோட்டில் போங்கள். படத்தில் உங்கள் நிழலின் ஒவ்வொரு அடியும் அந்தத் திசைக்குச் செங்கோணத்துக்குள்ளேயே விழுகிறது. ஆகவே இரண்டு புள்ளிகளின் நிழல்களும் ஒன்றாக முடியாது. பகுதி ஏன் குவிந்திருக்க வேண்டும் என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது, நேர்கோட்டில் நடக்க வழி வேண்டுமே. நிபந்தனையின் ஒவ்வொரு சொல்லும் எதற்காக இருக்கிறது என்று நிரூபணமே காட்டிக்கொடுக்கிறது.

இன்னொரு வகை நிபந்தனை கெழுக்களைப் பார்ப்பது. அலகுத் தட்டில் சார்பை அடுக்குத்தொடராக எழுதுகிறோம்: முதல் உறுப்பு இசட், அதன்பின் இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு என்று போகும். ஒவ்வொரு கெழுவின் அளவையும் அதன் அடுக்கெண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள். இரண்டாம் உறுப்பிலிருந்து தொடங்கிய அந்தக் கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டாவிட்டால் சார்பு ஒன்றுக்கொன்றானது. 1915-இல் அலெக்சாண்டர் எழுதிய கட்டுரையிலிருந்து வரும் வழி இது. இதுவும் அரைப் பக்க நிரூபணம்தான். முதல் உறுப்பு நகர்த்துகிற தூரத்தை மற்ற எல்லாம் சேர்ந்தும் ரத்துசெய்ய முடியாது என்பதே சாரம்.

இதை நான் சல்லடை என்றுதான் நினைத்துக்கொள்வேன். எங்கள் பக்கத்தில் அது பழகின பொருள். மலையிலிருந்து இறங்கும் ஏலக்காயை ஏலத்துக்கு அனுப்புவதற்கு முன் சலிப்பார்கள். 8 எம்எம் கண் உள்ள சல்லடையில் மேலே நின்றால் அது பெரிய காய், விலை வேறு. மேலே நின்ற காயைப் பற்றிச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒல்லியாக நீளமாக, உள்ளே அரிசி நிறைந்து, நல்ல மணத்தோடு இருக்கிற காயும் கண்ணுக்குள் நழுவிக் கீழே விழும். சல்லடை குறுக்களவை மட்டும்தான் பார்க்கிறது. அது பொய் சொல்வதில்லை, ஆனால் எல்லாவற்றையும் சொல்வதும் இல்லை. போதுமான நிபந்தனை என்றால் இதுதான். எது மேலே நின்றது என்பதைவிட, எந்த நல்ல காய் கீழே விழுந்தது என்று கேட்டால்தான் சல்லடையின் தரம் தெரியும்.

அலெக்சாண்டர் சல்லடையில் விழுகிற முதல் காய் எது தெரியுமா? கோபேயின் சார்பு. அதன் கெழுக்கள் 1, 2, 3, 4 என்று வரிசையாக வரும். அது தட்டை எடுத்து, எதிர்ம மெய்யச்சில் கழித்தல் கால் பங்கிலிருந்து முடிவிலி வரை ஒரு கீறல் மட்டும் விட்டு, தளம் முழுவதையும் மூடிவிடும், எங்கேயும் மடியாமல். யூனிவேலன்ட் சார்புகளில் இதற்கு மேல் விரிய முடியாது. சல்லடைக்கு அது எப்படித் தெரிகிறது? இரண்டாம் உறுப்பிலேயே இரண்டிரண்டு நான்கு, ஒன்றைத் தாண்டியாயிற்று, வெளியே போ. துறையின் ராஜாவையே வாசலில் நிறுத்திவிடும் நிபந்தனை இது. பயனற்றது என்று சொல்லவில்லை. அதன் எல்லை எதுவென்று தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்.

கோபே சார்புதான் உச்சம் என்பது எதிர்த்திசையில், அதாவது தேவையான நிபந்தனைகளில், பெரிய கதையானது. 1916-இல் பீபர்பாக், யூனிவேலன்ட் சார்பின் இரண்டாம் கெழு 2-ஐத் தாண்டாது என்று நிரூபித்தார். எந்தக் கெழுவும் தன் அடுக்கெண்ணைத் தாண்டாது என்று ஊகித்தார். 1923-இல் லோவ்னர் மூன்றாம் கெழுவை முடித்தார். நான்காவதுக்கு 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1984-இல் லூயி டி பிரான்ஷ் எல்லாவற்றையும் ஒரே அடியாக நிரூபித்தார். டுரெனின் நூல் வந்து அடுத்த ஆண்டே! லெனின்கிராட் கருத்தரங்கில் உட்கார்ந்து அந்த நிரூபணத்தைச் சரிபார்த்தவர்களில் மிலினும் ஒருவர். டி பிரான்ஷ் உண்மையில் நிரூபித்தது அந்த மிலினின் ஊகத்தைத்தான்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. பீபர்பாக் 1930களில் நாஜி ஆதரவாளராக மாறி, கணிதத்திலேயே ஜெர்மானியப் பாணி, யூதப் பாணி என்று பிரித்துப் பேசியவர். யூதரான லோவ்னர் 1939-இல் பிராகில் நாஜிகளால் சிறைவைக்கப்பட்டு, பிறகு அமெரிக்காவுக்குத் தப்பியவர். பீபர்பாக்கின் பெயரைத் தாங்கிய ஊகம் கடைசியில் விழுந்தது லோவ்னரின் சமன்பாட்டால்தான். அந்தச் சமன்பாடு அதோடு நிற்கவில்லை. 2000-இல் ஓடெட் ஷ்ராம் அதற்குள் சமவாய்ப்பு நடையைப் புகுத்தினார். இயற்பியலின் தற்செயல் வளைகோடுகளைப் படிக்கிற புதுத் துறையே பிறந்தது. நல்ல கருவி என்றால் அது பிறந்த கேள்வியைவிட நீண்டகாலம் வாழும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். கெழுக்கள் எல்லாம் அடுக்கெண்ணுக்குள் இருந்தால் சார்பு ஒன்றுக்கொன்றாகிவிடுமா? ஆகாது. இசட் கூட்டல் இசட் வர்க்கம் போதும். இரண்டாம் கெழு 1, அனுமதி 2. ஆனால் கழித்தல் அரையில் வகைக்கெழு பூச்சியம், படம் மடிந்துவிட்டது. தேவையான நிபந்தனை வாசல், போதுமான நிபந்தனை சல்லடை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நிலம்தான் உண்மையான வேலை நடக்கிற இடம்.

அந்த இடைவெளியை ஒரே அளவுகோலில் வைத்துக் காட்டியவர் நெஹாரி. 1949-இல், ஷ்வார்ட்ஸியன் என்கிற ஒரு வகைக்கெழுக் கோவையை எடுத்தார். அதைத் தட்டின் விளிம்புக்கு எவ்வளவு நெருக்கம் என்பதற்கேற்ப எடைபோட்டால், அந்த அளவு எங்கும் 2-க்குள் இருந்தால் சார்பு ஒன்றுக்கொன்றானது. மறுபக்கம், ஒன்றுக்கொன்றான எந்தச் சார்புக்கும் அந்த அளவு 6-ஐத் தாண்டாது. இதை 1932-லேயே கிராவுஸ் கண்டிருந்தார், யாரும் கவனிக்கவில்லை. 2-ஐ இம்மியளவு கூட்டினாலும் தேற்றம் உடையும் என்று ஹில்லே அதே 1949-இல் உதாரணத்தோடு காட்டினார். கோபேயின் சார்பு சரியாக 6-இல் நிற்கிறது. இரண்டு எல்லைகளும் கூர்மையானவை, இரண்டும் ஒரே மொழியில் இருக்கின்றன. இந்த 2 எங்கிருந்து வந்தது என்றால், ஒரு இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாட்டின் தீர்வு தட்டுக்குள் இரண்டு முறை பூச்சியமாகுமா என்ற கேள்வியிலிருந்து. அலைவு பற்றிய கேள்வியும் மடிப்பு பற்றிய கேள்வியும் ஒன்றுதான் என்று தெரிகிற இடம் அது. ஒரு நிபந்தனை புதிதாக எதையாவது சொல்கிறது என்றால் இப்படித்தான் சொல்ல வேண்டும்.

இனி நம் பக்கம்.

1975-இல் ஹெர்ப் சில்வர்மன் ஒரு அழகான கட்டுரை எழுதினார். முதல் உறுப்பைத் தவிர மற்றக் கெழுக்கள் எல்லாம் எதிர்மமாகவோ பூச்சியமாகவோ இருக்கும் சார்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால், அலெக்சாண்டர் சல்லடை சல்லடையாக இருப்பதில்லை, துல்லியமான தராசாகிவிடுகிறது. கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டினால், மெய்யச்சில் 0-க்கும் 1-க்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் வகைக்கெழு பூச்சியமாகியே தீரும். ஆகவே நிபந்தனை போதுமானது மட்டுமல்ல, தேவையானதும்கூட. ஒரு முறை படித்தால் மறக்காத வாதம்.

அதன்பின் வந்தது வெள்ளம். அடுக்கெண்ணின் இடத்தில் வேறு எடைகளைப் போட்டார்கள். ரஷ்வே, சாலாஜியன், கார்ல்சன்–ஷாஃபர், ஜியோக்–ஸ்ரீவாஸ்தவா என்று ஒவ்வொரு செயலியும் வர, ஒவ்வொன்றையும் நுழைத்தார்கள். ஆல்ஃபா, பீட்டா, காமா, லாம்டா என்று அளபுருக்கள் சேர்ந்தன. ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு புதிய உபவகுப்பு, ஒரு புதிய கட்டுரை. உள்ளே தேற்றங்களின் வரிசை மாறுவதேயில்லை: கெழு மதிப்பீடு, வளர்ச்சியும் திரிபும், முனைப்புள்ளிகள், குவிச்சேர்க்கை, விண்மீன் வடிவத்துக்கான ஆரம், அடமார் பெருக்கம். தமிழ்நாட்டின் கல்லூரிகளிலிருந்து இந்த அச்சில் வந்த கட்டுரைகளை எண்ணி மாளாது.

மென்பொருள்காரன் என்பதால் எனக்கு இது உடனே உறுத்தியது. எடைகளின் எந்த வரிசையைக் கொடுத்தாலும், கெழுக்களை எடையால் பெருக்கிக் கூட்டினால் 1-க்குள் இருக்க வேண்டும் என்பது ஒரே ஒரு நேரியல் சமனின்மை. அந்தச் சமனின்மையைத் திருப்தி செய்கிறவற்றின் முனைப்புள்ளிகள் என்னென்ன என்பதற்கு யோசனையே தேவையில்லை: ஒரு நேரத்தில் ஒரு கெழுவை மட்டும் உச்சத்தில் வைப்பவை. மற்ற எல்லாத் தேற்றமும் அதிலிருந்து உதிரும். எடைகளை உள்ளீடாக வாங்கி, ஆறு தேற்றங்களையும் வாக்கியமாக அச்சிடும் ஒரு பைத்தான் நிரலை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுதிப் பார்த்தேன். நாற்பது வரிக்குள் முடிந்துவிட்டது. ஒரு பொதுச்சார்பை எழுதிவிட்டால், அதை வெவ்வேறு உள்ளீட்டோடு அழைப்பதை யாரும் புதிய நூலகம் என்று வெளியிட மாட்டார்கள். எங்கள் தொழிலில் அப்படிச் செய்தால் கோட் ரிவியூவிலேயே சிரித்துவிடுவார்கள்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் எங்கள் ஊர்ப் பையன் ஒருவரை எனக்குத் தெரியும். அம்மா விடியுமுன்னே ஜீப்பில் ஏறி மலைக்குக் காய் எடுக்கப் போகிறவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி, முதல் முதுகலை, முதல் முனைவர் பட்டப் பதிவு. ஐந்து அளபுருக்கள் கொண்ட ஓர் உபவகுப்பில் நான்கு வருடம் வேலை செய்தார். ஒருமுறை ஊரில் பேசிக்கொண்டிருக்கும்போது, "இந்த வகுப்புல இருக்குற ஒரு சார்பு சொல்லுங்க தம்பி" என்றேன். முனைப்புள்ளியைச் சொன்னார். "வேற?" கொஞ்ச நேரம் பேசவில்லை. "அண்ணே, வேற யாரும் கேட்டதில்லண்ணே. கைடும் கேக்கல, வைவாலயும் கேக்க மாட்டாங்க." அந்த வகுப்பு தட்டை எங்கே கொண்டுபோய் வைக்கிறது, அளபுருவை மாற்றினால் படத்தில் என்ன அசைகிறது என்று அவர் வரைந்து பார்த்ததே இல்லை. வரையத் தெரியாதவர் அல்ல. இளங்கலையில் அவர் போட்ட படங்கள் என் படங்களைவிட நன்றாக இருக்கும். நான்கு வருடத்தில் யாரும் அவரிடம் ஒரு படம் கேட்கவில்லை.

இதற்கு விதிமுறைகளும் உதவின. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறைப்படி ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் இதழ்க் கட்டுரை ஒன்றும் மாநாட்டு வாசிப்பு இரண்டும் கட்டாயம். 2022-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்தார்கள். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. நிச்சயமாகக் கட்டுரையாகிவிடும் தலைப்பைக் கொடுப்பது வழிகாட்டிக்கும் பாதுகாப்பு, மாணவருக்கும் பாதுகாப்பு.

எதிர்மக் கெழுக்களின் மோஸ்தர் கொஞ்சம் ஓய்ந்தபின் வேறு மோஸ்தர்கள் வந்தன. 1990களின் தொடக்கத்தில் மாவும் மிண்டாவும், அதுவரை தனித்தனியாக இருந்த விண்மீன் வடிவ வகைகளையும் குவிவு வகைகளையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தார்கள். தட்டை ஒரு நல்ல வடிவத்துக்குக் கொண்டுபோகும் சார்பு ஒன்றைக் கொடுங்கள், அதற்கான வகை தானே வரும் என்றார்கள். ஒருமைப்படுத்தும் கட்டுரை அது. படித்தவர்களில் பலர் அதை உணவகத்தின் விலைப்பட்டியல் மாதிரி எடுத்துக்கொண்டார்கள். பிறை வடிவம், இதய வடிவம், சிறுநீரக வடிவம், எட்டு வடிவத்தில் பாதி, சைன், அடுக்குக்குறி. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு வகை. இவற்றில் சில உண்மையாகவே நன்றாகச் செய்யப்பட்டவை, ஆரங்களைக் கூர்மையாகக் கண்டவை, கணக்கு எளிதல்ல. ஆனால் வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என்னவென்று கேட்டால் பெரும்பாலும் அது அழகாக இருந்தது என்பதைத் தவிரப் பதில் இல்லை.

இன்னொரு மோஸ்தர், சார்பும் அதன் நேர்மாறும் இரண்டுமே தட்டில் ஒன்றுக்கொன்றாக இருக்கும் இருமுக வகை. 1967-இல் லெவின் தொடங்கியது, 2010-க்குப் பின் மறுபடி பற்றிக்கொண்டது. இரண்டாம், மூன்றாம் கெழுக்களுக்கு மேல்வரம்பு சொல்வார்கள். செபிஷேவ், ஃபிபனாச்சி, கெகன்பாவர் என்று பல்லுறுப்புக்கோவைகளின் பெயர் மாறிக்கொண்டே வரும். வரம்பு கூர்மையானதா என்ற கேள்விக்கு மட்டும் பெரும்பாலும் பதில் இருக்காது. ஹில்லே அந்த 2-ஐத் தொட்டு, இதற்கு மேல் முடியாது என்று உதாரணம் காட்டியதோடு ஒப்பிட்டால் நாம் எதை இழந்தோம் என்று தெரியும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தத் துறை தமிழ்நாட்டில் வேர்பிடித்தது விபத்தல்ல, கேவலமும் அல்ல. அழகப்பச் செட்டியாரின் கொடையில் 1950-இல் தொடங்கிய இராமானுஜன் நிறுவனம், 1967-இல் சென்னைப் பல்கலைக்கழகக் கணிதத் துறையோடு இணைந்தது. அங்கே கே. எஸ். பத்மநாபனும் ஆர். பார்வதமும் விண்மீன் வடிவச் சார்புகளிலும் எல்லைச் சுழற்சி வரம்புள்ள சார்புகளிலும் சர்வதேச இதழ்களில் எழுதினார்கள். ஐஐடி சென்னையின் எஸ். பொன்னுசாமி இந்தத் துறைக்காரர். அவருடைய கலப்பெண் பகுப்பாய்வுப் பாடநூல் நாடெங்கும் முதுகலை மாணவர்களின் கையில் இருக்கிறது. பெரிய நூலகம், ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல், முதுகலையில் படித்த கலப்பெண் பகுப்பாய்வும் ஒரு கட்டுத் தாளும் மட்டும் வைத்துக்கொண்டு ஆராய்ச்சிக்குள் நுழைய முடிகிற துறைகள் அதிகம் இல்லை. சிறிய ஊர்க் கல்லூரியின் ஆசிரியருக்கு அது திறந்த கதவு. என் வழக்கு அந்தக் கதவோடு இல்லை. கதவுக்கு உள்ளே போனவர்களை நடையிலேயே உட்காரவைத்து, இதுதான் வீடு என்று சொல்வதோடுதான்.

வேறு என்ன கொடுத்திருக்கலாம் என்று கேட்பார்கள். அதே சல்லடையையே கொடுத்திருக்கலாம், கேள்வியை மட்டும் மாற்றி. எல்லையில்லாத தொடர் வேண்டாம். மூன்றாம் அடுக்கோடு நிற்கும் பல்லுறுப்புக்கோவை போதும்: இசட், அதோடு இரண்டாம் அடுக்குக்கு ஒரு மெய்க்கெழு, மூன்றாம் அடுக்குக்கு ஒரு மெய்க்கெழு. இரண்டே எண்கள், ஆகவே கட்டம் போட்ட தாளில் வரையலாம். இரண்டாம் கெழு கிடையில், மூன்றாம் கெழு நிலையில். எந்தெந்தப் புள்ளிகளில் சார்பு தட்டில் ஒன்றுக்கொன்றானது? பல்லுறுப்புக்கோவைகளுக்குத் துல்லியமான தேர்வுமுறையை டியூடோனே 1931-லேயே கொடுத்திருக்கிறார். அதை வைத்து 1967-இல் பிரன்னனும், 1968-இல் கௌலிங்கும் ராய்ஸ்டரும் இந்தப் படத்தை வரைந்தார்கள்.

அலெக்சாண்டர் சல்லடை இந்தத் தாளில் ஒரு சாய்சதுரம். கிடையில் இரண்டு பக்கமும் அரை, மேலும் கீழும் மூன்றில் ஒன்று. உண்மையான பகுதியை அதன் மேல் வைத்துப் பாருங்கள். மூன்றாம் கெழு எதிர்மமாக இருக்கும் கீழ்ப்பாதியில் இரண்டும் அச்சு அசலாகப் பொருந்துகின்றன. சல்லடை அங்கே ஒரு நல்ல காயைக்கூடத் தவறவிடவில்லை. சில்வர்மன் பார்த்ததும், அவருக்குப் பின் வந்த வெள்ளம் முழுவதும் ஓடியதும் இந்தப் பக்கத்துக் கரையில்தான். கோட்டைத் தாண்டி மேலே வந்தால் கதை வேறு. சாய்சதுரம் உள்ளே சுருங்குகிறது, உண்மைப் பகுதி வெளியே விரிகிறது. மூன்றாம் கெழு ஐந்தில் ஒன்றாக இருக்கும்போது, இரண்டாம் கெழு 0.2 வரைதான் போகலாம் என்கிறது சல்லடை. உண்மையில் 0.8 வரை போகலாம், நான்கு மடங்கு. அதற்கு மேலே விளிம்பு நேர்கோடாக இருப்பதை விட்டுவிட்டு ஒரு நீள்வட்டத்தின் வில்லாக வளைகிறது. மூன்றாம் கெழு மூன்றில் ஒன்றைத் தொடும் உச்சியில், சல்லடைக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு புள்ளி. உண்மைக்கு 0.94-இலிருந்து கழித்தல் 0.94 வரை முழுக் கோடு. அங்கே வகைக்கெழுவின் மூலங்கள் தட்டின் விளிம்பில் வந்து நிற்கின்றன. இன்னும் ஒரு மயிரிழை உள்ளே வந்தால் மடிப்பு. அந்தப் படத்தை எங்கள் ஊர்ப் பையனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். நான்காம் அடுக்கைச் சேர்த்தால் தாள் போதாது, முப்பரிமாணம் வேண்டும், அதன் மேற்பாதி எப்படி உப்பும் என்று கேட்டுக் குரல்பதிவு அனுப்பியிருக்கிறார், பின்னணியில் ஜீப் சத்தத்தோடு.